லூசியாவுக்குப் படம் இல்லை

போன வருடம் இடது கண்ணில் புரை எடுத்தார்கள். வலது கண்ணுக்கு இன்னும் நேரம் வரவில்லையாம். ஆகவே இப்போதைக்கு என்னிடம் புதுக்கண் ஒன்றும் பழங்கண் ஒன்றும் இருக்கின்றன. வலதைப் பொத்திக்கொண்டு பார்த்தால் எங்கள் வெள்ளவத்தை ஃபிளாட்டின் சுவர் சுண்ணாம்பு வெள்ளை. இடதைப் பொத்தினால் அதே சுவர் பிளேன்டீ ஊற்றிக் கழுவினது மாதிரி. இத்தனை வருடமும் உலகத்தை அந்தத் தேத்தண்ணி நிறத்தில்தான் பார்த்திருக்கிறேன் என்பது கட்டு அவிழ்த்த அன்றுதான் விளங்கியது.

புதுக்கண் வந்ததும் பழைய பழக்கம் திரும்பிவிட்டது. மக்கலம் ரோட்டுப் பழைய புத்தகக் கடைகளுக்குப் போகத் தொடங்கினேன். ஓ.எல்., ஏ.எல். பாஸ்ட் பேப்பர் அடுக்குகளுக்குக் கீழே ஒரு பெரிய புத்தகம். மட்டை பாதி கழன்றிருந்தது. திறந்த பக்கத்தில் பனிக்கட்டிக்குள் கழுத்துவரை புதைந்த தலைகள். கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏக்க அபாயே பொத்தக் மாத்தயா" என்றார். சிங்களத்தில் 'அபாய' என்றால் நரகம். தமிழில் அபாயம் என்றால் டிரான்ஸ்ஃபோமரில் மண்டையோட்டுக்குக் கீழே எழுதியிருப்பது. இரண்டு மொழிக்காரரும் ஒரே சமஸ்கிருதச் சொல்லை வாங்கிக்கொண்டு போய், ஒருவர் செத்த பிறகும் மற்றவர் சாகமுன்னும் பாவிக்கிறோம். ஆயிரத்து ஐந்நூறு சொன்னார், ஆயிரத்து இருநூறுக்குத் தந்தார்.

இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் 'டிவைன் கொமடி'க்கு பிரெஞ்சுக்காரர் குஸ்தாவ் டோரே வரைந்த படங்கள். 1976 இல் அமெரிக்காவின் டோவர் பதிப்பகம் போட்ட மறுபதிப்பு. காவியம் இல்லை, படங்கள் மட்டும். ஒவ்வொன்றின் கீழும் இரண்டு மூன்று வரி ஆங்கிலம். பார்த்தவுடன் 'இது தெரிந்த படம்' என்று தோன்றும், நீங்கள் தாந்தேயின் பெயரையே கேட்டிராதவராக இருந்தாலும். அதே டோரே 1866 இல் வேதாகமத்துக்கு வரைந்த படங்கள் உலகம் முழுக்கப் போனவை. மேகத்தைக் கிழித்துக்கொண்டு விழும் வெளிச்சம், பாறை விளிம்பில் நிற்கும் சின்ன மனிதர் இருவர், கீழே அதலபாதாளம். சினிமாக்காரர்கள் இன்றைக்கும் அதிலிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

முதல் இரவு நான் செய்தது கணக்கு. தாந்தேயின் காவியத்தில் நரகத்துக்கு 34 காண்டம், சொர்க்கத்துக்கு முன் பாவம் கழுவுகிற உத்தரிக்கிற ஸ்தலத்துக்கு 33, சொர்க்கத்துக்கு 33. மனுசன் தராசில் நிறுத்தது மாதிரிப் பிரித்திருக்கிறார். டோரேயின் படங்களோ நரகத்துக்கு 75, உத்தரிக்கிற ஸ்தலத்துக்கு 42, சொர்க்கத்துக்கு 18. மாதக் கடைசியில் சம்பளம் கரைகிற மாதிரி.

நரகப் பாகம் 1861 இல் வந்தது. டோரேக்கு 29 வயது. அஷெத் பதிப்பகத்தார், இவ்வளவு பெரிய அளவில், நூறு பிராங்க் விலையில் யார் வாங்குவார் என்று பின்வாங்க, டோரே தன் சொந்தக் காசைப் போட்டு அச்சிட்டார். அது கெதியாக விற்றுத் தீர்ந்தது. மற்ற இரண்டு பாகங்களும் வந்தது 1868 இல், ஏழு வருடம் கழித்து, ஒரே புத்தகமாக. ஆர்வம் குறைந்துவிட்டது என்று சொல்லலாம். சொர்க்கத்தில் வரைவதற்கு என்ன இருக்கிறது என்றும் கேட்கலாம். எங்களிடமும் இதே கதைதான். கருட புராணத்தில் எண்ணெய்க் கொப்பரையை மறந்தவர் இல்லை. சொர்க்கத்தில் என்ன தளபாடம் என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. ஒருமுறை அலுவலக நண்பர்களோடு திக்குவெல்லைக்குப் போய் வெவுருகன்னல விகாரையைப் பார்த்தேன். நூற்றறுபது அடி உட்கார்ந்த புத்தர். அவரை அண்ணாந்து பார்த்துவிட்டு எல்லோரும் போய் நெரிபட்ட இடம், பாவிகளை வாளால் அரிகிற, கொப்பரையில் வேகவைக்கிற சிலைகள் வைத்த பகுதி. எங்கள் கணக்காளர் ஒவ்வொரு தண்டனைக்கும் அலுவலகத்தில் ஒருவர் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தார்.

சரி, புத்தகத்துக்கு வருவோம். பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எல்லாப் படங்களையும் 'டோரேயின் படம்' என்றுதான் சொல்கிறோம். ஆனால் கீழே இடது மூலையில் டோரேயின் கையெழுத்து இருந்தால், வலது மூலையில் இன்னொரு பெயர் இருக்கும். பல படங்களில் அது பிசான். எலியோதோர் பிசான், மரச்செதுக்கர். டோரே ஓர் உளியைக்கூடத் தொடவில்லை. பொக்ஸ் மரத்தைக் குறுக்கே அறுத்து, வளையம் தெரிகிற முகத்தைக் கண்ணாடி மாதிரி மினுக்கி, அதன் மேல் டோரே மையும் வெள்ளையும் கரைத்துத் தூரிகையால் தீட்டுவார். அந்த மரம் பருக்காது, ஆகவே பெரிய படத்துக்குச் சின்னக் கட்டைகள் பலதைச் சேர்த்துப் பூட்ட வேண்டும். அதன் பிறகு பிசானோ பன்னமேக்கரோ இன்னொருவரோ சிற்றுளியோடு உட்காருவார். டோரே தீட்டிய சாம்பல் நிறத்துக்கு எத்தனை கோடு, எவ்வளவு நெருக்கம், எந்தப் பக்கம் வளைவு என்பதெல்லாம் செதுக்கரின் தீர்மானம். செதுக்கச் செதுக்க டோரேயின் மூலப்படம் சீவல் சீவலாகக் கழன்று போகும். நாங்கள் பார்ப்பது செதுக்கர் கண்ட நரகம்.

யாழ்ப்பாணத்தில் அம்மம்மா வீட்டு அலுமாரியில் கிடந்த 'பெரிய எழுத்து' புத்தகங்கள் நினைவுக்கு வந்தன. சென்னை இரத்தின நாயகர் கடை விக்கிரமாதித்தன் கதை. அதுவும் மரக்கட்டைப் படம்தான். ராசாவுக்கும் மந்திரிக்கும் வேதாளத்துக்கும் ஏறக்குறைய ஒரே முகம், மீசையில்தான் வித்தியாசம். ஆனால் வேலை ஒன்றுதான்: மரத்தில் வெட்டாமல் விட்ட இடம் கறுப்பாக அச்சாகும், வெட்டின இடம் வெள்ளை.

இதை ஒருமுறை விளங்கிக்கொண்டால் டோரேயின் புத்தகம் வேறு மாதிரித் தெரியத் தொடங்கும். நரகம் கட்டையில் ஏற்கெனவே இருக்கிறது. சும்மா மையைத் தடவி அழுத்தினால் முழு இருட்டு. செதுக்கர் செய்வதெல்லாம் அதற்குள் கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சத்தை விடுவது. முதல் படத்தில் தாந்தே காட்டுக்குள் நின்று திரும்பிப் பார்க்கிறார். காலடியில் வேர்கள், மேலே கிளைகள், பாதிப் பக்கத்துக்கு மேல் உளி அவ்வளவாகப் படவில்லை. அவருடைய முகத்திலும் அங்கியின் மடிப்பிலும் மட்டும் மயிர் மயிராக வெட்டு. இடது கண்ணால் பார்த்தால் அந்தக் கோடுகள் ஊசி முனைபோலத் துலங்குகின்றன. வலதுக்கு அவர் ஒரு புகைக்கூட்டம்.

மூன்றாம் காண்டத்தில் ஒரு ஓடம் வரும். கரோன் என்ற கிழவன், புயலடிக்கும் கறுப்புத் தண்ணீரில் துடுப்போடு வருகிறான். செத்தவர்களை அக்கரைக்கு ஏற்றுவது அவன் தொழில். இந்தப் பக்கத்தில் நான் கொஞ்சம் அதிக நேரம் இருந்துவிட்டேன். நான் கொழும்புக்கு வந்தது 92 இல், கிளாலிக் கடலேரியால். யுத்தத்தால் ஆனையிறவுப் பாதை இல்லை. இரவு, நிலவில்லாத இரவாகப் பார்த்து. ஒரு மோட்டார்ப் படகுக்குப் பின்னால் வள்ளங்களைக் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். பீடி பற்றக்கூடாது, பிள்ளை அழக்கூடாது. டோரே தண்ணீரை வெள்ளைக் கோடுகளால் கொதிக்க வைத்திருக்கிறார். எனக்கு ஞாபகத்திலுள்ள தண்ணீர் ஒரு கோடுகூட இல்லாத கறுப்பு. கரோன் தயங்குகிறவர்களைத் துடுப்பால் அடிக்கிறான். எங்கள் ஓட்டி யாரையும் அடிக்கவில்லை. காசை எண்ணி வாங்கினார். என் பக்கத்திலிருந்த கிழவிக்கு மீதி கொடுக்கச் சில்லறை இல்லை என்று இரண்டு வாழைப்பழம் கொடுத்தார். அவ்வளவுதான், படத்தைத் திருப்பினேன்.

அப்படி வந்து சேர்ந்து தங்கின இடம் கொட்டாஞ்சேனை. புனித லூசியாள் பேராலயத்துக்குக் கிட்ட ஒரு ஒழுங்கையில் வாடகை அறை. வீட்டுக்கார அன்ரி பாசையூர் ஆள், கல்யாணம் கட்டிக் கொழும்புக்கு வந்து முப்பது வருடம். பேராலயத்தின் குவிமாடம் எங்கள் கிணற்றடியிலிருந்து பார்க்கத் தெரியும். அந்த வருடமே ஊரெல்லாம் கண்நோய் பரவி எனக்கும் வந்தது. காலையில் இமை ஒட்டிப்போய் எழும்பினேன்.

"தம்பி, கண்ணைக் கசக்காதை. பின்னேரம் என்னோடை கோயிலுக்கு வா."

"அன்ரி, நான் சைவம்."

"கண்ணுக்குச் சைவம், வேதம் எண்டு இருக்கே? வா."

லூசியா கண்ணுக்கான புனிதர். சிசிலித் தீவின் சிரக்கூசா நகரத்துப் பெண், நாலாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் உரோமரால் கொல்லப்பட்டவர். டிசம்பர் 13 திருநாள். அன்ரியின் வீட்டுச் சுவரில் இருந்த படத்தில் அவர் கையில் ஒரு தட்டு, தட்டில் இரண்டு கண். முகத்திலும் இரண்டு கண் இருந்தது. அந்தக் கணக்கு எனக்குப் பிடிபடவில்லை. அன்ரியிடம் கேட்டதற்கு, "ஒண்டு போனால் மற்றது வேணுமெல்லே" என்றார்.

இப்போது தாந்தேக்கு வருகிறேன். இத்தனை வருடம் கழித்து இந்தப் புத்தகத்துக்காகக் காவியத்தை மொழிபெயர்ப்பில் வாசித்தபோது, இரண்டாம் காண்டத்திலேயே கொட்டாஞ்சேனை அம்மா வந்து நிற்கிறா. காட்டில் வழிதவறின தாந்தேயைக் காப்பாற்றச் சொல்லி மரியாள் லூசியாவை அழைக்கிறார். லூசியா போய், தாந்தே காதலித்த பெயாத்திரிச்சேயிடம் சொல்கிறார். பெயாத்திரிச்சே போய், பழைய உரோமைக் கவிஞர் வேர்ஜிலை வழிகாட்ட அனுப்புகிறார். எங்கள் கந்தோர்களில் ஃபைல் போகிற அதே வழி. ஏன் லூசியா? தாந்தேக்கும் கண் வருத்தம் இருந்திருக்கிறது. வாசித்து வாசித்துக் கண் களைத்து, நட்சத்திரங்கள் மங்கலாகத் தெரிந்ததாகவும், இருட்டறையில் ஓய்ந்திருந்து, தெளிந்த தண்ணீரால் கண்ணைக் கழுவிச் சுகப்பட்டதாகவும் 'கொன்வீவியோ' என்ற நூலில் அவரே எழுதியிருக்கிறார். அந்தக் காலத்தில் அவருக்குக் கிடைத்த வைத்தியம், 92 இல் எனக்கு அன்ரி சொன்னதிலிருந்து பெரிதாக வித்தியாசமில்லை.

பிறகு உத்தரிக்கிற ஸ்தலத்தின் ஒன்பதாம் காண்டம். தாந்தே மலையடியில் நித்திரையாகிப் போகிறார். தங்கச் செட்டையுள்ள கழுகு ஒன்று தன்னைத் தூக்கிக்கொண்டு நெருப்புவரை ஏறுவதாகக் கனவு. விழித்தால் மலையின் வாசலில் கிடக்கிறார். நீ நித்திரையாக இருக்கும்போது லூசியா வந்து உன்னைத் தூக்கிக்கொண்டு வந்தா, வாசல் எது என்று தன் கண்ணாலேயே எனக்குக் காட்டிவிட்டுப் போனா என்று வேர்ஜில் சொல்கிறார். கண்ணால்!

ஆவலோடு டோரேயின் அந்தப் பக்கத்தைத் திருப்பினேன். கழுகு இருக்கிறது. தாந்தேயைத் தூக்கிக்கொண்டு போகிறது. லூசியா இல்லை. டோரே கனவை வரைந்திருக்கிறார், நடந்ததை வரையவில்லை.

அப்போதுதான் வேறு ஆட்களைத் தேடத் தொடங்கினேன். தாந்தே இறந்தது 1321 இல். செதுக்கிய படங்களோடு அவருடைய காவியம் முதலில் அச்சானது 1481 இல், அவரை நாடுகடத்திய அதே புளோரன்ஸில். ஓவியர் போத்திச்செல்லியின் கற்பனையைப் பின்பற்றிப் பச்சோ பல்தீனி செம்புத் தகட்டில் செதுக்கினார். இங்கே ஒரு அச்சகச் சிக்கல் வந்தது. எழுத்து மேட்டிலிருந்து அச்சாகும், செம்புத் தகடு பள்ளத்திலிருந்து அச்சாகும். ஒரே அழுத்தத்தில் இரண்டையும் எடுக்க முடியாது. எழுத்தை அடித்துவிட்டு, படத்துக்கு விட்ட வெற்றிடத்தில் வேறு இயந்திரத்தில் திரும்ப அடிக்க வேண்டும். இரண்டு மூன்று படத்தோடு அலுத்துப்போய், மிச்சத்தைத் தனித் தாளில் அடித்து ஒட்டினார்கள். பல பிரதிகளில் ஒட்டவும் இல்லை, வெற்றிடம் வெற்றிடமாகவே இருக்கிறது. மொத்தம் செதுக்கியது 19 படம். 19உம் நரகம். பத்தொன்பதாம் காண்டத்தோடு வேலை நின்றுவிட்டது.

அடுத்தது ஆங்கிலக் கவிஞரும் ஓவியருமான வில்லியம் பிளேக். அறுபது வயது தாண்டி, தாந்தேக்காக இத்தாலியன் படித்து, 102 படங்கள் தீட்டத் தொடங்கினார். அதில் ஒன்று, தூங்குகிற தாந்தேயை லூசியா தூக்கிக்கொண்டு போவது! ஆனால் அது நீர்வண்ணம். செம்பில் செதுக்குவதற்குள் 1827 இல் பிளேக் போய்விட்டார். செதுக்கப்பட்டவை ஏழே ஏழு. ஏழும் நரகம்.

எல்லோரும் அப்படி என்று சொல்ல முடியாது. 1491 இல் வெனிஸில் வந்த பதிப்பில் ஒவ்வொரு காண்டத்துக்கும் ஒரு மரவெட்டுப் படம் உண்டு, சொர்க்கம் உட்பட. 1793 இல் ஃபிளாக்ஸ்மன் என்ற ஆங்கிலேயர் மூன்று பாகத்துக்கும் வெறும் கோட்டில் வரைந்து, பிரோலி என்ற உரோமைச் செதுக்கர் வெட்டினார், நிழலே கிடையாது. ஓவியர் டாலி 1950களில் நூறு நீர்வண்ணம் தீட்ட, அதை மரக்கட்டையில் அச்சாக்க மூவாயிரத்து ஐந்நூறு கட்டைகள் போயின. போத்திச்செல்லிகூடத் தான் தோலில் வரைந்த படங்களில் சொர்க்கம்வரை போனார். அங்கே பக்கத்துக்குப் பக்கம் ஒரு வட்டம், வட்டத்துக்குள் தாந்தேயும் பெயாத்திரிச்சேயும். அவருக்கும் வேறென்ன செய்வதென்று தெரியவில்லை போலும். ஆனாலும் மக்கள் மனத்தில் நின்றது எது என்று பார்த்தால், உளி அதிக நேரம் செலவழித்த இடம்தான், கீழே.

சும்மா ஒரு கிளைக்கதை. தாந்தேக்கு நரகம் காட்டுகிற வேர்ஜில் மாந்துவா ஊர்க்காரர். எங்கள் வீரமாமுனிவர் 1680 இல் பிறந்த கஸ்திலியோனேயும் மாந்துவாப் பக்கம்தான். ஒரே மண்ணில் ஒருவர் தாந்தேயை, கரோன் ஓடம் விடும் அக்கெரோன் ஆற்றுக்கு அப்பால் பத்திரமாகக் கூட்டிப் போகிறார். மற்றவர் ஆற்றைக் கடக்கத் தெரியாத பரமார்த்த குருவையும் ஐந்து சீடரையும் எங்களுக்கு எழுதித் தந்தார்.

அன்ரி நவம்பர் முழுக்க உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாக்களுக்குச் செபிப்பார். மாலைச் சோறு பிந்தும். ஒருநாள் பசியில் கேட்டேன்.

"அன்ரி, சைவக்காரர் செத்தால் அந்த இடத்துக்கு வரலாமோ?"

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "உனக்கு இப்ப என்ன அவசரம்?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "லூசியம்மா பாத்துக்கொள்ளுவா" என்றார்.

நான் பகிடிக்குக் கேட்டது, தாந்தே உண்மையாகவே கேட்ட கேள்வி. சொர்க்கத்தின் பத்தொன்பதாம் காண்டத்தில், சிந்து நதிக்கரையில் பிறந்த ஒரு மனுசனைப் பற்றி வருகிறது. அங்கே கிறிஸ்துவைப் பற்றிச் சொல்ல ஆள் இல்லை. அவன் சொல்லிலும் செயலிலும் நல்லவன். ஞானஸ்நானம் இல்லாமல் செத்துப்போகிறான். அவனைத் தண்டிப்பது என்ன நீதி? மனித அறிவுக்கு எட்டாது, நீ யார் கேட்க என்ற மாதிரித்தான் பதில் வருகிறது. எனக்கு அன்ரியின் பதில் அதைவிடப் பிடித்திருக்கிறது. இது சும்மா வீட்டுக்குள் கதைக்கிற விசயமும் இல்லை. ஆத்துமா இருக்கிறதா என்பது 1873 இல் பாணந்துறையில் பௌத்தரும் கிறிஸ்தவரும் ஆயிரக்கணக்கான சனத்துக்கு முன்னால் வாதாடிய பொருள்களில் ஒன்று. பௌத்தர் பக்கம் பேசிய குணானந்த தேரர் இருந்த தீபதுத்தாராமய விகாரை, அன்ரி வீட்டிலிருந்து நடக்கிற தூரம்.

இன்னொரு புளோரன்ஸ்காரரையும் சொல்ல வேண்டும். ஜோவான்னி தெ மரிஞ்ஞொல்லி, பாப்பரசரின் தூதராகச் சீனா போய்த் திரும்பும் வழியில், 1349 அளவில் இலங்கையில் வந்து மாட்டிக்கொண்டார். இங்கே அதிகாரத்திலிருந்த ஒருவர், மரியாதையாகக் கடன் வாங்குகிற மாதிரி, அவர் கொண்டுவந்த பொன்னையும் பட்டையும் பறித்துக்கொண்டார். அப்படியிருந்தும் அந்த மனுசன் எழுதிவைத்திருப்பது: இந்தத் தீவிலிருந்து சொர்க்கத் தோட்டம் நாற்பது மைல்தான், அங்கே விழும் அருவியின் ஓசை இங்கே கேட்கிறது என்று இங்குள்ளவர்கள் சொல்கிறார்கள். தாந்தே அந்தத் தோட்டத்தைக் கடலுக்கு அப்பால் தெற்கே ஒரு மலையுச்சியில் வைத்தார். அவருடைய ஊர்க்காரர், சிவனொளிபாதமலையைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் வைத்தார். நாற்பது மைல் என்றால் காலி வீதி நெரிசலில் மூன்று மணித்தியாலம்.

டோரேயின் சொர்க்கம் 18 படம் என்று குறையாகச் சொன்னேன். கடைசிக்குக் கிட்ட, முப்பத்தோராம் காண்டத்துக்கு ஒரு படம் இருக்கிறது. கீழே இருண்ட விளிம்பில் இரண்டு சின்ன உருவங்கள், முதுகு எங்களுக்கு. எதிரே வெள்ளை ரோசா: வட்டத்துக்குள் வட்டமாகச் சுழலும் தேவதூதர்கள், நடுவில் வெறும் வெளிச்சம். பூதக்கண்ணாடியை மெல்ல வெளிவட்டத்திலிருந்து உள்ளே நகர்த்தினேன். வெளியே இருப்பவர்களுக்குச் செட்டை இருக்கிறது, கை இருக்கிறது. அடுத்த வட்டத்தில் செட்டை மட்டும். அதற்கடுத்ததில் ஒவ்வொருவரும் இரண்டு மூன்று உளிக்கீறல், அரிசிக் குறுணி மாதிரி. அதற்கும் உள்ளே கீறலும் இல்லை, தாள்தான். அந்த நடுவெளிச்சத்தை எடுக்கச் செதுக்கர் மரத்தை வழித்து எறிந்திருக்க வேண்டும். நரகத்துக்கு விட்டுவைத்த கறுப்பையெல்லாம் இங்கே சுரண்டியிருக்கிறார். வலது கண்ணால் பார்த்தேன். நடுவில் தேத்தண்ணி நிறத்தில் ஒரு வட்டம்.

மறுமைக்கும் படத்துக்கும் எங்களிடமும் ஒரு தொடுப்பு உண்டு. சித்திராப் பௌர்ணமியில் ஊர்க் கோயிலில் சித்திரபுத்திரனார் கதை படித்து, கஞ்சி ஊற்றுவார்கள். எமனுக்குக் கணக்கெழுதும் அந்த ஆள் பிறந்த விதம் பற்றி எங்களிடம் ஒரு கதை உண்டு. பார்வதி பொற்பலகையில் ஒரு படம் வரைந்தாள், சிவன் அதற்கு உயிர் கொடுத்தார். எங்கள் பக்கம் மறுமையின் கிளாக்கரே ஒரு சித்திரம்தான்.

அன்ரி இப்போது இல்லை. நான் அறையை விட்டு வெள்ளவத்தைக்கு மாறின அன்று, கை அகல லூசியம்மா படக் கார்ட் ஒன்று தந்தார். பேர்சில் கொஞ்ச நாள், பைபிள் இல்லாத வீட்டில் வேறு வைக்க இடமில்லாமல் லாச்சியில் பல வருடம். இப்போது டோரேயின் கழுகுப் பக்கத்தில் செருகியிருக்கிறேன். நேராக வைக்கத் தெரியவில்லை, ஒரு பக்கம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. புத்தகத்தை மூடினால் தட்டிலிருக்கிற கண்களில் ஒன்று மட்டும் வெளியே தெரியும்.